முதல் வேலை: பன்னிரண்டு மணி நேரப் பணியா, எட்டு மணி நேரப் பணியா?

கேள்வி (கல்லிடைக்குறிச்சியிலிருந்து, புதிதாகப் பட்டம் பெற்ற செவிலியர்)

அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம். நான் இந்த ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவும் செய்துவிட்டேன். இரண்டு இடங்களிலிருந்து வேலைக்கு அழைத்திருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமைக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் உள்ள ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. ஐ.சி.யு.வில் (தீவிர சிகிச்சைப் பிரிவில்) போடுவதாகச் சொல்கிறார்கள். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, இரவு எட்டு முதல் காலை எட்டு வரை என்று பன்னிரண்டு மணி நேரப் பணி. பதினைந்து நாள் பகல், பதினைந்து நாள் இரவு, வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு. சம்பளம் 13,500 ரூபாய், அதில் விடுதிக்கு 1,500 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் இரண்டு ஆண்டுக்கு பாண்டு எழுதித் தர வேண்டும்; பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், குழுமப் பதிவுச் சான்றிதழ் ஆகிய எல்லாவற்றின் அசலையும் அவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். நடுவில் விலகினால் 50,000 ரூபாய் கட்ட வேண்டுமாம்.

இரண்டாவது, ஆற்றைத் தாண்டினால் அம்பாசமுத்திரம், அங்கே முப்பது படுக்கை உள்ள ஒரு மருத்துவமனை. எட்டு மணி நேரப் பணி, 10,000 ரூபாய் சம்பளம், வீட்டிலிருந்தே போய்வரலாம். பாண்டு இல்லை, சான்றிதழும் கேட்கவில்லை. அதே சமயம் நியமனக் கடிதமும் தருவதில்லை, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) என்ற பேச்சே எழவில்லை. இரவில் அந்தக் கட்டடம் முழுவதற்கும் ஒரே ஒரு செவிலியர்தான் இருப்பார் என்று அங்கே வேலை பார்க்கும் பெண் ஒருத்தி சொன்னாள்.

மாதத்துக்கு 26 நாள் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்ணார்பேட்டையில் 312 மணி நேரத்துக்கு 13,500 ரூபாய், அதாவது மணிக்கு 43 ரூபாய் சொச்சம். அம்பையில் 208 மணி நேரத்துக்கு 10,000 ரூபாய், மணிக்கு 48 ரூபாய். கல்விக் கடன் இருப்பதால் கைக்கு வரும் மொத்தத் தொகையைப் பார் என்கிறார் அப்பா. ஆச்சியோ, "பதினஞ்சு ராத்திரி முழிச்சா உடம்பு என்னத்துக்கு ஆவும்" என்று ஒரே பிடியாக நிற்கிறாள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஐ.சி.யு. அனுபவம் இல்லாவிட்டால் எய்ம்ஸுக்கும் போக முடியாது, வெளிநாட்டுக்கும் போக முடியாது என்கிறார்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுப்பது முறைதானா, எந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில் 1 (பாளையங்கோட்டையில் பணிபுரியும் மூத்த செவிலியர்)

தங்கச்சி, நீ போட்ட கணக்கு சரிதான், ஆனால் அது ரோஸ்டரில் (பணிப் பட்டியலில்) எழுதியிருக்கும் மணி நேரத்தை நம்பிப் போட்ட கணக்கு. பதினாறு ஆண்டுகளாக நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: பணி எத்தனை மணிக்கு முடியும் என்பதைத் தீர்மானிப்பது கடிகாரம் இல்லை, உன்னை விடுவிக்க அடுத்த ஆள் வந்து சேர்வதுதான். எட்டு மணி நேரம் என்று சொல்லும் சிறிய மருத்துவமனையில் மொத்தமே ஐந்தாறு செவிலியர்கள் இருக்கும்போது, ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தாலோ, ஒருத்தியின் ஊரில் கோயில் கொடை என்றாலோ, உனக்கு அந்த நாள் பதினாறு மணி நேரமாகிவிடும். பன்னிரண்டு மணி நேரம் என்று ஒளிவில்லாமல் சொல்லும் இடத்தில் ஆள் போதுமான அளவு இருந்தால், அடுத்த ஆளிடம் நோயாளிகளை ஒப்படைக்க அரை மணி கூடினாலும் பன்னிரண்டரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். ஆகவே இரண்டு இடத்திலும் முதலில் கேட்க வேண்டியது சம்பளத்தை அல்ல. ஆள் வராத அன்று என்ன செய்வீர்கள் என்பதைக் கேள். இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்றும், விடுப்பில் போகிறவர்களுக்கு ஈடாக மொத்த எண்ணிக்கையில் 30 விழுக்காடு கூடுதலாக வைத்திருக்க வேண்டும் என்றும் அளவு வைத்திருக்கிறது. அதை அப்படியே கடைப்பிடிக்கும் தனியார் இடம் நம் பக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. இருந்தாலும் அந்த அளவுக்கும் நீ போகும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது வார விடுப்பு. இரவுப் பணி முடிந்து காலை எட்டு மணிக்கு வார்டை விட்டு வெளியே வருகிறாய் அல்லவா, அந்த நாளையே உன் வார விடுப்பாகக் கணக்கு வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்த நாளின் எட்டு மணி நேரத்தை நீ வார்டிலேயே கழித்துவிட்டாய், மீதியைத் தூங்கித் தீர்ப்பாய், மறுநாள் காலை பகல் பணிக்கு வந்து நிற்பாய். ஏட்டில் மட்டும் விடுப்பு எடுத்ததாக இருக்கும். இரவுகள் முடிந்த பிறகு முழுதாக ஒரு நாள் உண்டா, அது வார விடுப்புக்கு மேற்பட்டதா என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொள்.

மூன்றாவதாக நான் சொல்லப்போவதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம். முதல் வருடத்தில் இரவில் உன் பக்கத்தில் யார் இருப்பார்கள்? என் அனுபவத்தையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து நான்காவது மாதம், பணியின் பத்தாவது மணி நேரத்தில், காலை ஆறு மணிக்கு, ஒரு பெரியவருக்கு 20 யூனிட் இன்சுலின் போட வேண்டியிருந்தது. எங்கள் வார்டில் வழக்கமாக இருந்தது மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி. அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. அன்று அவருடைய வீட்டார் வாங்கி வந்திருந்தது மில்லிக்கு 100 யூனிட் உள்ள கிளார்ஜின் என்ற இன்சுலின். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சைத்தான் எடுக்க வேண்டும். கைப்பழக்கத்தில் நான் சிவப்பு மூடியைப் பிரித்து, 20 என்ற கோடு வரை இழுத்துவிட்டேன். அந்தக் கோட்டில் நிற்பது அரை மில்லி; அந்தக் குப்பியிலிருந்து அரை மில்லி என்றால் 50 யூனிட். கட்டிலுக்கு அருகே போய்ப் பஞ்சை எடுத்தபோது, கூட இருந்த அக்கா குப்பியை வாங்கி லேபிளைப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்த சிரிஞ்சை ஒரு வார்த்தையும் பேசாமல் வாங்கிக்கொண்டார். அந்த அக்கா அன்று இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்து இன்றும் சில சமயம் தூக்கம் கலைகிறது. நான் படிப்பில் மோசமில்லை. மூடியின் நிறம் என் பாடப் புத்தகத்திலும் இருந்தது. பத்தாவது மணி நேரத்தில் தனியாக நிற்கும் புதுப் பெண்ணுக்குப் பாடப் புத்தகம் கைகொடுக்காது.

அதனால், இரவில் கட்டடத்துக்கு ஒரே செவிலியர் என்று நீ எழுதிய அந்த ஒரு வரிக்காகவே அம்பை வேலையை நான் வேண்டாம் என்பேன். வண்ணார்பேட்டை வேலையை எடுத்துக்கொள் என்றும் இதற்குப் பொருளில்லை. அசல் சான்றிதழைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் எழுதட்டும். என் பங்குக்கு ஒன்று: குழுமப் பதிவுச் சான்றிதழை மட்டும் யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதே. அது கையில் இல்லாவிட்டால் வேறு எந்த வேலைக்கும் நேர்காணலில்கூட உட்கார முடியாது. அது தெரிந்துதான் கேட்கிறார்கள்.


பதில் 2 (தென்காசிப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையின் நிர்வாகி)

இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அசல் சான்றிதழை நாங்களும் ஒரு காலத்தில் வாங்கி வைத்துக்கொண்டுதான் இருந்தோம். காரணம் எளிது: ஒரு பெண்ணுக்கு ஆறு மாதம் வேலை கற்றுக்கொடுத்த பிறகு, ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் வரமாட்டாள், தொலைபேசியும் எடுக்கமாட்டாள், பத்து நாள் கழித்துத் திருநெல்வேலியிலோ மதுரையிலோ சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்படுவோம். ஆனால் சான்றிதழை வைத்துக்கொண்டதால் யாரும் நின்றதில்லை. போலீஸ் நிலையத்துக்குப் போய் எழுதிக்கொடுத்து வாங்கிச் சென்றவர்கள் உண்டு. போக முடியாமல் நின்றவர்கள் மனமில்லாமல் வேலை பார்த்தார்கள். அது நோயாளிக்குத்தான் கெடுதல். இப்போது நகலை மட்டும் வாங்கிக்கொண்டு, ஒரு மாத முன்னறிவிப்பு என்று நியமனக் கடிதத்திலேயே எழுதிவிடுகிறோம். போகிறவர்கள் இப்போதும் போகிறார்கள், ஆனால் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

சம்பளத்தைப் பற்றி ஒரு குற்ற ஒப்புதல். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் இட்ட உத்தரவின்படி அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் செவிலியருக்குக் குறைந்தது 20,000 ரூபாய் தர வேண்டும் என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்ட இடங்களில் அரசு செவிலியருக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அது பரிந்துரை என்பதால் எங்களைப் போன்றவர்கள் அந்தத் தொகையைத் தருவதில்லை. காப்பீட்டுத் திட்டத்தில் ஓர் அறுவை சிகிச்சைக்கு வரும் தொகையைப் பார்த்தால் ஏன் தர முடியவில்லை என்பது புரியும். ஆனால் அது உங்கள் கவலை இல்லை. நீங்கள் தாராளமாக அந்தப் பரிந்துரையைச் சொல்லிக் கேட்கலாம். 10,000 என்று சொன்னவர் 12,000-க்கு வருவார், ஏனென்றால் ஆள் கிடைப்பது எங்களுக்கும் கடினமாகத்தான் இருக்கிறது.


பதில் 3 (திருநெல்வேலி சந்திப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்கர், பல நிறுவனங்களுக்குப் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குகளைப் பார்த்தவர்)

அம்மா, நிர்வாகியாரின் நேர்மையைப் பாராட்டுகிறேன். சட்டத்தின் பக்கத்தைப் பொறுத்தவரை, இரண்டு தரப்பிலும் உலவும் தவறான எண்ணங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது.

பாண்டு எழுதினாலே செல்லாது, கிழித்துப் போட்டுவிடலாம் என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்வது உண்மைதான். ஆனால் 2025 மே மாதத்தில் பொதுத்துறை வங்கி ஒன்றின் வழக்கில், குறைந்தபட்சப் பணிக்காலத்தையும் அதற்கு முன் விலகினால் கட்ட வேண்டிய தொகையையும் விதிக்கும் நிபந்தனை அந்தப் பிரிவுக்கு மாறானது அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, எழுதியிருக்கும் தொகைக்கு மேற்படாமல் நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும். 13,500 ரூபாய் சம்பளக்காரியிடம் 50,000 ரூபாய் நியாயமா என்றால், உங்களுக்குப் பயிற்சி அளிக்க அவ்வளவு செலவானது என்று அவர்கள் காட்ட வேண்டியிருக்கும். இந்த வாதம் நீதிமன்றம் வரை போனால்தான் உதவும் என்பதையும் மறக்க வேண்டாம். அதைவிட, கையெழுத்திடுவதற்கு முன்பே இரண்டு ஆண்டை ஒன்றாகவும், தொகையை ஒரு மாதச் சம்பளமாகவும் குறைக்கச் சொல்வது எளிது. எந்தக் காரணத்துக்காகவும் தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். நான் பார்த்த வழக்குகளில் பாண்டைவிட அந்தக் காசோலைதான் பிள்ளைகளை அலைக்கழித்தது.

நியமனக் கடிதம் தருவதில்லை என்கிற அம்பை மருத்துவமனைக்கு ஒரு செய்தி. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, ஊழியருக்கு நியமனக் கடிதம் தருவது முதலாளியின் கடமை. வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வரம்பு, அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம், இரவு ஏழு மணிக்கு மேல் பெண்களைப் பணியில் வைக்க அவர்களுடைய சம்மதம், விலகினால் இரண்டு வேலை நாட்களுக்குள் நிலுவைச் சம்பளம் என்பவையெல்லாம் அவற்றில் உள்ளன. ஆறு நாளுக்குப் பன்னிரண்டு மணி என்றால் 72 ஆகிறது. வண்ணார்பேட்டைக்காரர்கள் அந்தக் கூடுதல் 24 மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள் என்று கேட்பதில் தவறில்லை. கேட்ட உடனே கொடுத்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை.

இ.எஸ்.ஐ. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் வந்துவிடும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்குப் பொருந்தும். முப்பது படுக்கைக்கு ஆயா, வாட்ச்மேன், லேப், மருந்துக்கடை என்று எண்ணினால் பத்தைத் தாண்டாமல் இருக்காது. 13,500-இல் உங்கள் பங்கு 0.75 விழுக்காடு, அதாவது 102 ரூபாய். நிர்வாகத்தின் பங்கு 3.25 விழுக்காடு. பி.எஃப். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் வரும், பிடித்தம் 12 விழுக்காடு. அப்பா கைக்கு வரும் தொகையைப் பார்க்கச் சொல்கிறார், அது சரிதான், ஆனால் பி.எஃப். கணக்கில் ஒரு மறைமுக நன்மையும் உண்டு. நாளை அந்த மருத்துவமனை அனுபவச் சான்றிதழ் தர மறுத்தாலும், எந்த மாதத்தில் சேர்ந்து எந்த மாதம் வரை வேலை பார்த்தீர்கள் என்பதற்கு அந்தக் கணக்கே சாட்சி.


கேட்டவரின் மறுமொழி

எல்லாருக்கும் மிக்க நன்றி. நேற்று வண்ணார்பேட்டைக்குப் போய்வந்தேன். இரவில் எட்டுக் கட்டில்களுக்கு மூன்று செவிலியர்கள் இருப்பார்களாம், அவர்களில் ஒருவர் எப்போதும் சீனியராம். முதல் இரண்டு மாதம் எனக்குத் தனியாக நோயாளி தரமாட்டார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. கூடுதல் மணி நேரத்தைப் பற்றிக் கேட்டதும் ஹெச்.ஆர். மேடம் சிரித்துவிட்டு, "அதெல்லாம் சம்பளத்துக்குள்ளதான்மா" என்றார். சான்றிதழ் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் ஒன்றாவது வேண்டும் என்ற இடத்தில் வந்து நிற்கிறது. ஐ.சி.யு. அனுபவத்தைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே?


பதில் 4 (ஆண் செவிலியர், வள்ளியூர்)

தங்கச்சி, செவிலியர்களை எடுக்க எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வுக்கு பி.எஸ்சி. நர்சிங் முடித்துக் குழுமத்தில் பதிவு செய்தவர்களுக்கு அனுபவமே தேவையில்லை, நாளையே விண்ணப்பிக்கலாம். அனுபவம் கேட்பது ஜி.என்.எம். (செவிலியர் பட்டயப் படிப்பு) படித்த எங்களைப் போன்றவர்களிடம்தான்: குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு. நான் இருபத்தைந்து படுக்கை உள்ள இடத்தில் மூன்று ஆண்டு உழைத்த பிறகே இந்த விதியைப் படித்தேன். அந்த மூன்று ஆண்டும் அந்தத் தேர்வுக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. உனக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆகவே நார்செட்டுக்காக என்று சொல்லி யாரும் உன்னை இரண்டு ஆண்டு பாண்டில் கட்ட முடியாது. பணியிடங்களில் 80 விழுக்காடு பெண்களுக்கு என்பதும் உனக்குச் சாதகம், எனக்குத்தான் வயிற்றெரிச்சல்.

வளைகுடாவுக்குப் போவதானால் இரண்டு ஆண்டு அனுபவம் பெரும்பாலும் கேட்பார்கள், ஐ.சி.யு. என்றால் மதிப்புக் கூடும், அது உண்மை. அங்கே உன் அனுபவச் சான்றிதழை மருத்துவமனைக்கே அனுப்பிச் சரிபார்ப்பார்கள் என்பதால், நல்ல முறையில் விலகி வர வேண்டியது அவசியம். ஏஜென்சிக்காரர்கள் லட்சக்கணக்கில் கேட்டால் நம்பாதே. பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டிரு.

அரசு ஒப்பந்தப் பணியையும் யாரும் குறிப்பிடவில்லை. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் 18,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் பதினொரு மாத ஒப்பந்தத்துக்கு அவ்வப்போது ஆள் எடுக்கிறது. மாவட்ட இணையதளத்தில் அறிவிப்பு வரும். நிரந்தரம் என்று எண்ணி மட்டும் போகாதே. 2015-இல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அரசுப் பணிக்கு எடுக்கப்பட்டவர்கள் பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் டி.எம்.எஸ். (மருத்துவத் துறை இயக்குநரகம்) வளாகத்தில் போராட்டத்தில் உட்கார வேண்டியிருந்தது. இருந்தாலும் அந்தப் பதினொரு மாதச் சம்பளம் நீ எழுதிய இரண்டு இடத்தையும்விடக் கூடுதல்.


பதில் 5 (பாளையங்கோட்டை மூத்த செவிலியர், மீண்டும்)

எட்டுக் கட்டிலுக்கு மூன்று பேர் என்பது நர்சிங் கவுன்சில் அளவுப்படி குறைவுதான், ஆனாலும் இந்தப் பக்கத்தில் நான் கேட்டதில் மோசமான எண்ணிக்கை இல்லை. மதிப்பெண் சான்றிதழைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில், சான்றிதழின் வரிசை எண், வாங்கிய தேதி, விலகும் நாளில் திருப்பித் தரப்படும் என்ற உறுதி மூன்றையும் எழுதி, முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு கொடு. எழுதித் தரமாட்டோம் என்றால், அந்த இடத்தைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான், எழுந்து வந்துவிடு. பாண்டை ஒரு வருடத்துக்குக் குறைக்கச் சொல்லி அதே கூட்டத்திலேயே கேள்.

இன்னும் ஒன்று. ஹெச்.ஆர். அறையில் சொல்வதையே வைத்து முடிவெடுக்காதே. இரவு ஏழே முக்கால் மணிக்கு அந்த ஐ.சி.யு. வாசலில் போய் நில். எட்டரை மணிக்குள் பகல் பணிக்காரர்கள் வெளியே வருகிறார்களா, எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று எண்ணு. முடிந்தால் சுவரில் ஒட்டியிருக்கும் இந்த மாத ரோஸ்டரையும் பார். ஒரே பெயருக்கு நேராக அடுத்தடுத்து "நைட்" என்று எத்தனை கட்டங்கள் இருக்கின்றன என்பது அதில் தெரிந்துவிடும்.


கேட்டவரின் மறுமொழி

சனிக்கிழமை மாலை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன், அக்கா. அம்பையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்க வேண்டியதை இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டேன். கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று நீட்டிவிடுவேன். எட்டரை மணி வரை வாசலில் நின்றுவிட்டுத்தான் திரும்புவேன். செங்கோட்டை ரயில் கிடைக்காவிட்டால் பஸ்ஸில் வந்துகொள்ளலாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.